கோ 86032

நம் எழுத்தாளர்கள் கூடிப் பேசுகிற இடங்களில் ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது. "பயிர்களுக்கெல்லாம் எவ்வளவு அழகான பெயர்கள் இருந்தன ஐயா! மாப்பிள்ளைச் சம்பா என்ன, பூங்கார் என்ன, கருங்குறுவை என்ன! இன்று பாருங்கள், இரண்டு இங்கிலீஷ் எழுத்து, நாலைந்து நம்பர். சிறைக் கைதிக்கு நம்பர் போடுகிற மாதிரி விளைகிற பயிருக்கும் போட்டுவிட்டார்கள்" என்பது அந்தப் புலம்பலின் சாரம். கதைகளிலும் கவிதைகளிலும்கூட இது தலைகாட்டுகிறது. பெயர் என்றால் கவிதை, எண் என்றால் வறட்சி என்று ஒரு வாய்பாடே ஏற்பட்டுவிட்டது.

வாய்பாடு எதுவானாலும் அதைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது விமர்சனத்தின் வேலை. ஒரு செய்யுளை எடுத்து வைத்துக்கொண்டு பொருள் சொல்வதுபோல, ஒரு நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பொருள் சொல்லிப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நான் எடுத்துக்கொண்ட பாடம் மிகச் சிறியது. கோ 86032. அவ்வளவுதான். கோபி, பவானி, சத்தியமங்கலம், உடுமலை என்று கொங்கு நாட்டில் தண்ணீர் பாய்கிற எந்தப் பக்கம் போனாலும் கரும்புக்காரர் வாயில் இந்த எண் அடிபடும்.

விஷயம் தெரியாத வாசகன் இதை எப்படிப் படிப்பான்? தமிழ்ப் புலவராக இருந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். கோ என்பது ஓரெழுத்து ஒருமொழி. அரசன் என்று பொருள் சொல்லலாம், பசு என்று சொல்லலாம். கம்பெனிக் குமாஸ்தாவுக்கு அது கம்பெனி என்பதன் சுருக்கம். ரசாயனம் படித்த பையனுக்குக் கோபால்ட் என்ற உலோகம். சங்கத்தில் கடன் வாங்கியவருக்குக் கோவாப்பரேட்டிவ் சொஸைட்டி. எண்ணைப் பார்த்ததும் தம் கடன் கணக்கு நம்பரோ என்று வயிற்றைக் கலக்கினாலும் ஆச்சரியமில்லை. இவற்றில் ஒன்றும் சரியல்ல. ஆனால் சரியில்லாத அர்த்தம் இத்தனை தருகிற பாடத்தைச் சரியான அர்த்தமே இல்லாத பாடம் என்று தள்ளிவிட முடியாது.

சரியான அர்த்தம் இது. கோ என்றால் கோயம்புத்தூர். 86 என்றால் 1986ஆம் வருஷம். 032 என்றால் அந்த வருஷத்து வரிசையில் முப்பத்திரண்டாவதாக எண் பெற்ற கரும்பு. ஊர், வருஷம், வரிசை என்ற மூன்றும் அதில் அடக்கம். ஜாதகத்தில்கூட முதலில் கேட்பது பிறந்த ஊரும் பிறந்த காலமும்தானே? எத்தனையாவது குழந்தை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது இந்த ஜாதகம்.

இந்த ஜாதகம் எழுதப்படுகிற இடம் கோயம்புத்தூரில் உள்ள கரும்பு இனப்பெருக்கு நிலையம். 1912இல் ஆரம்பித்தது. கரும்பு விளைகிற வடநாட்டை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தார்கள் என்றால், காரணம் பூ. கரும்பு பூக்கும், அதன் விதை முளைக்கும் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாவிலும் பார்படாஸிலும்தான் தீர்மானமாயிற்று. கரணை வெட்டி நடுகிற வரையில் ஒரு கரும்பிலிருந்து அதே கரும்புதான் வரும். புதிய கரும்பு வேண்டுமானால் பூவும் விதையும் வேண்டும். வடநாட்டுக் குளிரில் கரும்பு சரியாகப் பூப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கிடக்கிற கோயம்புத்தூர்ச் சீமையில் அது தாராளமாகப் பூத்தது, விதையும் பிடித்தது. பார்பர் என்ற வெள்ளைக்கார நிபுணரும் அவரிடம் வேலைக்கு வந்த டி. எஸ். வெங்கட்ராமனும் இங்கே உட்கார்ந்துகொண்டு பஞ்சாபுக்கும் பீகாருக்கும் கரும்பு உண்டாக்கியது இதனால்தான்.

அவர்கள் செய்த முதல் பெரிய காரியத்தை ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் நான் மிகவும் ரசிக்கிறேன். தாய், தடித்த தித்திப்பான உயர்ந்த ஜாதிக் கரும்பு. அதற்கு 'வெள்ளை' என்று பெயர். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்றைக்கும் அந்தத் தமிழ்ச் சொல்லை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போடுகிறார்கள். தகப்பன், கோயம்புத்தூர்ப் பக்கம் தானாக முளைத்துக் கிடந்த நாணல். ஒன்றுக்குத் தித்திப்பு உண்டு, தாங்குசக்தி இல்லை. மற்றதற்குத் தித்திப்புக் கிடையாது. ஆனால் வறட்சி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் சாகாது. இந்தப் பொருந்தாக் கலியாணத்தில் பிறந்ததுதான் கோ 205. 1918இல் அது பஞ்சாப் விவசாயிகளின் வயலுக்குப் போயிற்று. தாய்க்குப் பெயர் இருந்தது. தகப்பனுக்கு ஆற்றங்கரை என்ற விலாசம் மட்டும் இருந்தது. பிள்ளைக்கு எண் வந்தது.

அந்தக் காலத்தில் எண் ஒரே நேர்கோட்டு வரிசையாகப் போயிற்று. 205, 281, 290, 419, 740 என்று. வருஷத்தையும் சேர்த்து எழுதுகிற வழக்கம் பின்னால் வந்தது. 62175 என்றால் 1962ஆம் வருஷத்துக் கரும்பு. எண் நீளமாகிவிட்டது என்று எரிச்சல் படுகிறவர்கள் அதற்குள் காலம் புகுந்துகொண்டதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்துகளும் அப்படியே. கோ.சி. 671 என்றால், கோயம்புத்தூரில் விதையாகிக் கடலூரில் தேர்ந்தெடுக்கப்பட்டது. கோ.எஸ். என்றால் உத்தரப்பிரதேசத்து ஷாஜகான்பூர். இன்னும் விட்டகுறை தொட்டகுறையாகப் பாட்டன் பூட்டன் வரலாறு வேண்டுமானால் கோ 419ஐ எடுத்துக்கொள்ளலாம். தென்னிந்தியாவில் ஒரு தலைமுறைக் காலம் அதிசயக் கரும்பு என்று கொண்டாடப்பட்டது அது. அதன் ஒரு பக்கத்துப் பெற்றோர் பி.ஓ.ஜே. 2878. டச்சு மொழியில் கிழக்கு ஜாவா ஆராய்ச்சி நிலையம் என்பதன் முதலெழுத்துகள் அவை. இன்னொரு பக்கம் கோ 290. இந்த 290 அமெரிக்காவில் லூயிஸியானா வரைக்கும் போய் விளைந்தது. ஆக, கொங்கு நாட்டு வாய்க்கால் கரையில் நின்ற ஒரு கரும்பின் பெயரைப் பிரித்தால் ஜாவா தெரிகிறது, லூயிஸியானா தெரிகிறது. மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயரில் இத்தனை பூகோளம் இல்லை.

இதுவரை சொன்னது அகராதிப் பொருள். அகராதிப் பொருளோடு எந்தப் பாடமும் தீர்ந்து போவதில்லை. படிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்து அது விரிகிறது.

கொங்கு நாட்டு விவசாயி ஐந்து இலக்கத்தையும் சொல்வதில்லை. "எண்பத்தாறு போட்டிருக்கேனுங்க" என்பார். 1986 என்ற வருஷம் அவர் மனத்தில் இல்லை. எண்பத்தாறு என்றால் அவருக்கு மறுதாம்பு நன்றாக வருகிற கரும்பு. ஒரு தடவை நட்டுவிட்டு வெட்டி, கட்டையிலிருந்து மறுபடியும் விளையவிடலாம் என்ற நிம்மதி. சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலருக்கு அதே எண் பதிவேட்டில் ஒரு கட்டம். எந்த மாதம் வெட்டினால் எவ்வளவு சர்க்கரை கட்டும் என்ற கணக்கு. வெட்டு உத்தரவு வராமல் கரும்பு காய்ந்துகொண்டிருக்கிறபோது, அலுவலரின் எண்பத்தாறும் விவசாயியின் எண்பத்தாறும் ஒன்றல்ல. வெல்லம் காய்ச்சுகிறவருக்கு அது கொப்பரையில் ஏறும் நிறம். கவுந்தப்பாடிச் சந்தைக்கு நாட்டுச் சர்க்கரையாகப் போய், அங்கிருந்து பழனி மலையேறிப் பஞ்சாமிர்தமாகிறபோது அதற்கு எண்ணே கிடையாது. பிரசாதத்தைக் கையில் வாங்குகிற பக்தர் வருஷமும் வரிசையும் கேட்பதில்லை.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். நிலையத்தார் தங்கள் கரும்புகளுக்குச் செல்லப் பெயரும் வைத்துப் பார்த்தார்கள். 86032க்கு 'நயனா' என்று பெயர். நல்ல பெயர்தான், ஒரு தொடர்கதைக் கதாநாயகிக்கு வைக்கலாம். ஆனால் கரும்புக் காட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எண் நின்றது, பெயர் உதிர்ந்தது. மேலே இருந்து வைக்கிற பெயர் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதில்லை. நாக்கில் புரண்டு புரண்டு எண்ணும் பெயராகிவிடும்.

இதே கோ என்ற எழுத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வைத்திருக்கிறது. சைதாப்பேட்டையில் 1868இல் பண்ணைப் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமான ஸ்தாபனம் அது. அங்கே கோ 51 என்றால் நெல். பால்மாடு வைத்திருப்பவரிடம் போய்க் கோ நாலு என்றால் தீவனப் புல். பப்பாளிக்காரர் கோ 2 என்றால் பால் எடுக்கிற மரம். தக்காளியிலும் கோ உண்டு, கத்தரியிலும் உண்டு. எந்தப் பயிர் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் மாட்டுக்குத் தக்காளி விதைக்க நேரிடும். சொல்லுக்குப் பொருள் சூழ்நிலையில் இருக்கிறது என்று இலக்கண ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை உழவர் சந்தையில் ஐந்து நிமிஷம் நின்றால் கற்றுக்கொள்ளலாம்.

பருத்திக்கு வருவோம். கோயம்புத்தூர் மில்களுக்கு நீண்ட இழை கொடுத்த எம்.சி.யு. 5 என்ற பெயரின் மூன்று எழுத்துகள் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. அதோடு ஆப்பிரிக்க உகாண்டாப் பருத்தி கலந்தது. இரண்டு கண்டத்துக் கதையை மூன்று எழுத்தில் சொல்ல நம்மில் எந்தச் சிறுகதை ஆசிரியருக்கு முடியும்? இதற்கு நேர்மாறாக, 'சுவின்' என்று இன்னொரு கோயம்புத்தூர்ப் பருத்தி. காதுக்கு இனிய பெயர். அது பெயரே அல்ல. சுஜாதா என்ற ரகத்தின் முதலெழுத்தையும் மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்டின் நடுப்பகுதியையும் ஒட்டவைத்த குறியீடு. எண்ணுக்குள் பெயர் ஒளிந்திருப்பதுபோலப் பெயருக்குள்ளும் குறியீடு ஒளிந்திருக்கிறது.

பழைய பெயர்கள் மட்டும் எண்ணைத் தீண்டாத ஆசாரமானவையா? அறுபதாம் குறுவை என்ற பழைய நெல்லின் பெயரில் முதலில் நிற்பதே எண்தான். அறுபது நாளில் வருகிற நெல் என்று அடையாளம் போட்டு வைத்தான் நம் பாட்டன். அவன் வைத்தால் கவிதை, வெங்கட்ராமன் வைத்தால் வறட்சி என்பது நியாயமல்ல. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லின் முழுப் பெயர் ஐ.ஆர். 8-288-3. எட்டாவது கலப்பு, இருநூற்றெண்பத்தெட்டாவது வரிசை, அதில் மூன்றாவது செடி. ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே ஒரு மனிதர் குனிந்து, இந்த ஒன்று என்று விரலை நீட்டிய கணம் அந்தக் கடைசி மூன்றில் உறைந்து கிடக்கிறது. வட ஆர்க்காட்டு விவசாயி ஒருவர் அந்த நெல்லால் கண்ட விளைச்சலில் பூரித்துப் போய்த் தம் மகனுக்கே 'ஐயாரெட்டு' என்று பெயர் வைத்தார் என்பது பதிவாகியிருக்கிற செய்தி. அந்தத் தகப்பனாரைவிட எண்ணின் கவிதையை உணர்ந்த ரசிகர் யார் இருக்க முடியும்?

இப்படிச் சொல்வதால் எண் என்றாலே நல்லது என்று நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். என் பாடத்துக்கு இருட்டான பக்கங்களும் உண்டு. அவற்றைப் படிக்காமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

முதலாவது, அந்த எண்ணில் ஊர் இருக்கிறது, ஆள் இல்லை. ஜானகி அம்மாள் என்ற தலைச்சேரிக்காரப் பெண்மணி 1930களில் இந்த நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புற்களோடும் கலந்து விஞ்ஞான உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். பிறகு இங்கிலாந்து போனார். இங்கிலாந்தில் ஒரு மாக்னோலியா மலருக்கு அவர் பெயர் வைத்தார்கள். கோ வரிசையில் எந்த எண்ணைப் பிரித்தாலும் அவர் பெயர் வராது. பார்பர் பெயரும் வராது, வெங்கட்ராமன் பெயரும் வராது. பூக்கதிரைச் சேர்த்துக் கட்டிய கூலியாள், பஞ்சு போன்ற விதையைத் தூவித் தண்ணீர் தெளித்த பெண்பிள்ளை, இவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரியவர் பெயரையும் போடவில்லை என்பதால் இது ஒருவகைச் சமத்துவம் என்று சிலர் வாதாடலாம். பெரியவர் பெயரைப் புத்தகம் காப்பாற்றும். கூலியாளின் பெயரைக் காப்பாற்ற இந்த எண்ணைத் தவிர வேறு இடம் இருந்ததில்லை, அங்கேயும் இல்லை.

இரண்டாவது இன்னும் கனமானது. என்.கோ. 310 என்று ஒரு கரும்பு. கோ என்றால் நமக்குத் தெரியும். என் என்றால் நேட்டால். கோயம்புத்தூரில் கலந்த விதையைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பி, அங்கே முளைக்க வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், 1945இல் வெளியிட்டார்கள். பிறகு அது தைவான் வரையில் பரவிற்று. இரண்டு ஊர்களும் ஒரே பெயரில் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும், அதே இரண்டு கரைகளுக்கும் நடுவே முன்பே நடந்த வேறொரு போக்குவரத்து நினைவுக்கு வராமல் இராது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலுக்குப் போயிற்று. அதிலிருந்து 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை ராஜதானிக்காரர்கள். எதற்காக? கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய. போய் இறங்கிய ஒவ்வொரு மனிதருக்கும் ஒவ்வொரு எண் கொடுத்தார்கள். தோட்டத்துக் கணக்கில், கோர்ட்டில், ஆஸ்பத்திரியில் எல்லாம் அந்த எண்தான் மனிதன். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதாரே, அந்தக் கண்ணீருக்கு உரிய கூட்டம்தான் இதுவும். கைதிக்கு நம்பர் போடுகிற மாதிரி என்று நம் நண்பர்கள் புலம்புகிறார்களே, அந்த வாசகம் கரும்புக்குப் பொருந்தாது. கரும்பு வெட்டியவர்களுக்குப் பொருந்தும்.

ஆனால் அங்கேயும் பாடம் ஒரே அர்த்தத்தில் நின்றுவிடவில்லை. கப்பல் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அங்க அடையாளம் எல்லாம் எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுடைய நோக்கம் ஓடிப்போனால் பிடிப்பது. இன்று டர்பனிலிருந்து நாலாவது ஐந்தாவது தலைமுறைப் பேரன் பேத்திகள் குடும்பத்துக் காகிதத்தில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, அதை வைத்துக்கொண்டு கிராமத்தைத் தேடுகிறார்கள். மனிதனை மறைப்பதற்குப் போட்ட எண் மனிதனைக் கண்டுபிடிக்க வழியாகிவிட்டது. போட்டவன் இந்த அர்த்தத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டான். நூலாசிரியன் நினைக்காத பொருளை வாசகன் காணலாமா என்று விமர்சகர்கள் சண்டை போடுகிறார்கள். காணலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது, எண்ணை மந்திரமாக எண்ணிவிடுகிற ஆபத்து. 2002ஆம் வருஷத்துக் கரும்பு ஒன்று, கோ 0238. நம் நிலையத்தின் கர்னால் கிளையில் உருவானது. உத்தரப்பிரதேசத்தில் அது பிடித்த பிடியில் அந்த மாநிலத்துக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அது ஒன்றே நின்றது. விவசாயிக்கு எடை, ஆலைக்குச் சர்க்கரை, எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு செவ்வழுகல் நோய் வந்தது. கரணையிலிருந்து கரணை நடுவதால் ஒரு ரகத்துக் கரும்பெல்லாம் உண்மையில் ஒரே செடி. ஒன்றைத் தாக்கத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாவற்றையும் தாக்கத் தெரியும். இங்கே கோ.சி. 671க்கும் முன்பு அந்தக் கதிதான் ஏற்பட்டது. பலநூறு பழைய நெல்களின் பெயர்களுக்காகப் புலம்புகிறவர்கள் உண்மையில் புலம்ப வேண்டியது இதற்காக. குற்றம் எண்ணில் இல்லை. ஒரே எண்ணில் இருக்கிறது.

இவ்வளவையும் ஒரு கதாசிரியன் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் நாவல்களில் இன்றும் கதாநாயகன் பச்சைப் பசேல் என்ற வயல் வழியே நடந்து போகிறான். வயலில் என்ன பயிர், என்ன ரகம், நட்டது எந்தக் கடனில், வெட்டு உத்தரவு வந்ததா இல்லையா என்பது ஆசிரியருக்கும் தெரியாது, கதாநாயகனுக்கும் தெரியாது. 1942இல் ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதியபோது கொங்கு நாட்டுக் காட்டையும் தோட்டத்தையும் அவற்றின் பங்குச் சண்டையையும் உள்ளபடி எழுதினார். அதனால்தான் அது இன்றும் நாவலாக நிற்கிறது. அதற்குப் பின் அந்த மண்ணில் விளைவது மாறிவிட்டது. கரும்புக்காரர் மனைவி மளிகைக் கடன் சொல்லும்போது எண்பத்தாறு என்ற சொல் அவள் வாயில் வருகிறது. மகள் கலியாணத் தேதியே சில வீடுகளில் அந்த எண்பத்தாறு எப்போது வெட்டுக்கு வரும் என்பதைக் கேட்டுக்கொண்டுதான் குறிக்கப்படுகிறது. இந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டுக் கதையை எழுதுவது, பாஷை தெரியாத ஊரில் வம்பு பேசுவது போலத்தான்.

பழைய பெயர்களை மறக்கச் சொல்லவில்லை. கருங்குறுவையும் பூங்காரும் விதையாக எங்காவது உயிரோடு இருக்க வேண்டும், சொல்லாகவும் இருக்க வேண்டும். ஆனால் அவற்றுக்காக இரங்கற்பா எழுதிவிட்டால் கிராமத்தை எழுதியாகிவிட்டது என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்வது தப்பு. இன்றைக்குக் கிராமம் பேசுகிற சொற்களில் எண்களும் சேர்த்தி. அவற்றையும் காது கொடுத்துக் கேட்டு எழுதுகிறவர்கள் வரவேண்டும். அடுத்த கொங்கு நாவலின் முதல் பக்கத்தில் ஒரு கரும்புக் காடு வருமானால், அது என்ன கரும்பு என்று ஆசிரியர் எனக்குச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பேன்.